கிளிநொச்சியிலிருந்து சென்னைக்கு: பலாலி வழியா, கட்டுநாயக்க வழியா?

எங்கள் ஊர்களில் ஒருவர் சென்னைக்குப் போகவிருக்கிறார் என்று தெரிந்தால், "எப்ப போறியள்?" என்பதற்கு அடுத்ததாக வரும் கேள்வி "எந்தப் பக்கத்தால் போறியள்?" என்பதாகவே இருக்கும். 2019ஆம் ஆண்டு வரைக்கும் இந்த இரண்டாவது கேள்விக்கு இடமிருக்கவில்லை. யாழ் குடாநாட்டுக்குத் தெற்கேயுள்ள பெருநிலப்பரப்பான வன்னியில் எந்த மூலையில் இருப்பவரும் தெற்கே கொழும்புக்குக் கிட்டவுள்ள கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போய்த்தான் வடக்கே சென்னைக்குப் பறக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு ஒக்டோபர் 17ஆம் திகதி யாழ்ப்பாணத்துப் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. நவம்பரில் அலையன்ஸ் எயார் நிறுவனத்தின் சென்னைச் சேவை தொடங்கி, சில மாதங்களிலேயே கொரோனாவால் நின்றுபோய், 2022 டிசம்பர் 12ஆம் திகதிதான் மீண்டும் வந்தது. 2024 செப்ரெம்பர் முதலாம் திகதி இண்டிகோ நிறுவனம் சென்னைக்கும் பலாலிக்கும் இடையே நாளாந்தச் சேவையைத் தொடங்கியது. 2025 மார்ச் 30ஆம் திகதி அதே நிறுவனம் திருச்சிக்கும் ஒரு சேவையைத் தொடங்கியது. ஆகவே இப்போது நாங்கள் உண்மையிலேயே தெரிவு செய்யவேண்டிய நிலையில் இருக்கிறோம். அந்தத் தெரிவைப் பலர் பயணச்சீட்டின் விலையை மாத்திரம் பார்த்துச் செய்துவிட்டுப் பிறகு வருந்துவதைக் கண்டதாலேயே இதை எழுதுகிறேன்.

முதலில் தூரத்தைப் பார்ப்போம். பலாலியிலிருந்து சென்னை மீனம்பாக்கம் விமான நிலையம் நேர்கோட்டில் ஏறத்தாழ 354 கிலோமீற்றர். கட்டுநாயக்கவிலிருந்து அதே மீனம்பாக்கம் ஏறத்தாழ 643 கிலோமீற்றர். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 289 கிலோமீற்றர். கட்டுநாயக்கவுக்கும் பலாலிக்கும் இடையிலான வான்தூரமும் அதேயளவுதான். இது தற்செயலாக ஒத்துப்போன கணக்கன்று. வரைபடத்தை விரித்து, கட்டுநாயக்கவிலிருந்து சென்னைக்கு ஓர் அடிமட்டத்தை வைத்துக் கோடு கீறிப் பாருங்கள். அந்தக் கோடு புத்தளத்துக்குச் சற்றுக் கிழக்கால் ஏறி, மன்னார் பெருநிலப்பரப்பில் திருக்கேதீஸ்வரத்தை ஒட்டிப் போய், பூநகரிக்கு மேற்கே கடலைத் தொட்டு, யாழ்ப்பாண நகரத்தின் மேலாகச் சென்று, பலாலியிலிருந்து ஆறேழு கிலோமீற்றர் தள்ளிப் பாக்குநீரிணைக்குள் இறங்கும். விமானிகள் பிடிக்கும் வான்பாதை அன்றன்றைக்குச் சற்று முன்பின்னாக இருக்கலாம். ஆனாலும் கணக்கு மாறாது. கிளிநொச்சியில் இருந்து ஒருவர் இரவிரவாக முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் தெற்கே ஓடி, காலையில் விமானம் ஏறி, தான் விட்டு வந்த மண்ணைக் கடந்தே சென்னைக்குப் போகிறார். கிளிநொச்சிக்கும் சென்னைக்கும் நேர்கோட்டுத் தூரம் ஏறத்தாழ 400 கிலோமீற்றர்தான். கட்டுநாயக்க வழியாகப் போகிறவர் அதற்காகத் தரையிலும் வானிலுமாக 950 கிலோமீற்றர் பயணம் செய்கிறார்.

இந்த நேர்கோட்டை முன்னோர் அறியாமல் இருந்தார்கள் என்றும் சொல்லமுடியாது. 1947 டிசம்பர் 10ஆம் திகதி எயார் சிலோன் நிறுவனத்தின் முதற்பறப்பு இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகத்தான் சென்னைக்குப் போனது. அன்று டக்கோட்டா விமானம் இறங்கிய அந்த ஓடுதளமே இன்றைய பலாலி. அதுவும் இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானிய விமானப்படை அமைத்தது. எழுபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து நாங்கள் புதியது என்று கொண்டாடுவது, எயார் சிலோனின் முதல் சர்வதேச விமானப் பாதையின் இரண்டாம் பாதியைத்தான்.

தூரம் ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது என்றால் பறக்கும் நேரமும் பாதியாகக் குறையவேண்டும் என்று எண்ணுவது இயல்பு. அங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். பலாலி–சென்னைப் பறப்புக்கு அட்டவணையில் ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம் ஒதுக்கப்பட்டிருக்கும். கட்டுநாயக்க–சென்னைப் பறப்புக்கு ஒரு மணி இருபது நிமிடம் முதல் ஒன்றரை மணி நேரம் வரை. அதாவது 289 கிலோமீற்றர் குறைந்தும் மிச்சமாவது ஐந்து முதல் பதினைந்து நிமிடங்கள் மாத்திரமே. காரணம் இரண்டு. பலாலிக்கு வருவது ஏ.ரி.ஆர். 72 என்ற, எழுபதுபேர் அளவில் ஏறக்கூடிய, சுழல்விசிறி பொருத்திய விமானம். அது மணிக்கு ஏறத்தாழ 500 கிலோமீற்றர் வேகத்தில் பறக்கும். கட்டுநாயக்கவிலிருந்து போகும் எயார்பஸ் 320 போன்ற ஜெட் விமானமோ மணிக்கு 800 கிலோமீற்றரைத் தாண்டும். இரண்டாவது காரணம், தூரம் எவ்வளவு குறைந்தாலும் குறையாத நேரம் ஒன்று ஒவ்வொரு பறப்பிலும் இருப்பது. கதவு சாத்தி, ஓடுபாதை வரை ஊர்ந்து, மேலேறி, சென்னையில் இறங்க வரிசையில் காத்திருந்து, வாகனத் தரிப்பிடம் போல விமானத் தரிப்பிடத்தைத் தேடிப் போய் நிற்கும் வரைக்குமான நேரம் அது. குறுந்தூரப் பயணத்தில் அதுவே மொத்த நேரத்தின் பெரும்பங்காகிவிடுகிறது.

ஆகவே வானத்தில் இரண்டும் ஏறத்தாழச் சமம். வித்தியாசம் முழுவதும் தரையில் கிடக்கிறது. இணையத்தில் இரு நகரங்களுக்கிடையிலான பறப்புத் தூரத்தையும் பறப்பு நேரத்தையும் தேடிப் பார்த்து முடிவெடுப்பவர்கள் தவறவிடுவது இதைத்தான். அங்கே வரும் எண்கள் விமான நிலையத்திலிருந்து விமான நிலையத்துக்கு. நாங்கள் பயணம் செய்வதோ வீட்டுப் படலையிலிருந்து சென்னையில் தங்கும் அறையின் கதவுவரை.

கிளிநொச்சி நகரத்திலிருந்து பலாலிக்கு ஏறத்தாழ 80 கிலோமீற்றர். யாழ்ப்பாண நகரத்துக்குள் போகத் தேவையில்லை. மீசாலையில் திரும்பிப் புத்தூர், அச்சுவேலிப் பக்கமாகப் போனால் நெரிசல் குறைவு. ஒன்றேமுக்கால் மணி முதல் இரண்டு மணி நேரத்துக்குள் போய்ச் சேரலாம். கட்டுநாயக்கவுக்கு வவுனியா, மதவாச்சி, அனுராதபுரம், புத்தளம், சிலாபம், நீர்கொழும்பு என்று போகும் வழக்கமான பாதையில் ஏறத்தாழ 310 கிலோமீற்றர். இரவில் வீதி வெறுமையாக இருந்தால் ஆறு மணி நேரம், பகலில் ஏழு. இண்டிகோ தொடங்கியபோது வெளியிட்ட அட்டவணையில் பலாலியிலிருந்து பிற்பகல் 3.55க்குப் புறப்பட்டுச் சென்னையில் 5.10க்கு இறங்குவதாக இருந்தது. நேரங்கள் பருவத்துக்குப் பருவம் மாறும். கணக்குக்காக அதையே எடுத்துக்கொள்வோம். காலை பதினொரு மணிக்கு வீட்டில் புறப்பட்டால் ஒரு மணியளவில் பலாலி; ஆறேகால் மணிக்குக் குடிவரவும் பொதியும் முடிந்து சென்னையில் வெளியே நிற்கலாம். ஏழேகால் மணி நேரம், அதுவும் தாராளமாக. கட்டுநாயக்கவில் காலை ஏழரைக்கு விமானம் என்று வைத்துக்கொண்டால், முதல்நாள் இரவு பத்து மணிக்குப் புறப்பட்டு, விடிய நாலரைக்கு விமான நிலையம். ஒன்பது மணிக்குச் சென்னை. வெளியே வரப் பத்து. பன்னிரண்டு மணி நேரம். ஓர் இரவுத் தூக்கமும் அதற்குள் போய்விடுகிறது.

இந்தியாவுக்கும் எங்களுக்கும் கடிகாரம் ஒன்றுதான் என்பதால் இந்தக் கணக்கில் கூட்டல் கழித்தல் இல்லை. 1996 முதல் 2006 ஏப்ரல் வரை நாட்டின் நேரம் முன்னே தள்ளப்பட்டிருந்த காலத்தில், விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னி மாத்திரம் பழைய நேரத்திலேயே, அதாவது இந்தியாவின் நேரத்திலேயே நின்றது. எல்லைச் சோதனைச்சாவடி இருந்த ஓமந்தையைக் கடக்கும்போது கைக்கடிகாரத்தை அரைமணி நேரம் திருப்பியவர்களுக்கு அது நினைவிருக்கும்.

எண்களைத் தாண்டி ஒன்றைச் சொல்லவேண்டும். நான் என் தாயாரை முழங்கால் சிகிச்சைக்காக இரு வழியாலும் அழைத்துச் சென்றிருக்கிறேன். முதன்முறை கட்டுநாயக்க வழியாக. வாடகைக்குப் பிடித்த ஹயஸ் வானில் பின்னிருக்கையில் தலையணை வைத்துக் காலை நீட்டி இருத்திக்கொண்டு போனோம். அனுராதபுரம் வரைக்கும் கதைத்துக்கொண்டு வந்தவர், புத்தளம் தாண்டியதும் மௌனமானார். சிலாபத்தில் தேநீர்க் கடையொன்றின் முன் நிறுத்தி இறங்கச் சொன்னபோது, செருப்புக்குள் பாதம் போகவில்லை. அவ்வளவு வீக்கம். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு தார் வீதியோரத்தில் நின்றபடியே அந்தத் தேநீரைக் குடித்தார். விமான நிலையத்தில் சக்கர நாற்காலி கிடைத்தது. பறப்பிலும் குறை ஒன்றும் இல்லை. ஆனால் சென்னையில் மருத்துவர் பார்த்தது முழங்காலை மட்டுமன்று, அந்த இரவுப் பயணத்தையும் சேர்த்துத்தான். வீக்கம் இறங்கட்டும் என்று இரண்டு நாள் பொறுத்த பின்பே படம் எடுத்தார்கள்.

இரண்டாம் முறை பலாலி. காலையில் வீட்டில் புட்டும் சம்பலும் சாப்பிட்டுவிட்டுப் புறப்பட்டோம். ஆனையிறவில் உப்புக் குவியல்கள் வெயிலில் பளபளத்துக் கொண்டிருந்தன. பலாலி முனையம் சிறியது. வாசலிலிருந்து விமானப் படி வரைக்கும் நடக்கும் தூரம் கட்டுநாயக்கவில் ஒரு நடைகூடத்தின் அளவுகூட இல்லை. ஆனால் இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது, முழங்கால் நோயாளிகள் கவனிக்கவேண்டியது. ஏ.ரி.ஆர். விமானத்தில் பயணிகள் ஏறுவது பின்பக்கக் கதவால். கட்டுநாயக்கவைப் போல் முனையத்திலிருந்து நேரே உள்ளே போகும் நடைபாலம் கிடையாது. படிகள் சிலவே என்றாலும் செங்குத்தானவை, ஒருவர் பின் ஒருவராகத்தான் ஏறலாம். சக்கர நாற்காலி தேவை என்பதைப் பயணச்சீட்டுப் பதியும்போதே சொல்லிவிட வேண்டும். அம்மா ஒரு கையால் கைப்பிடியையும் மறுகையால் என் தோளையும் பிடித்து, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து ஏறினார். மேலேறிக் கொஞ்ச நேரத்தில் யன்னலால் கோடியக்கரை தெரிந்தது. சதுப்பு நிலமும் அலைவிளிம்பும் அவ்வளவு கிட்டத்தில், இந்தியா என்று சொன்னபோது அவர் நம்பவில்லை. "இவ்வளவுதானா மோனை இடைவெளி?" என்றார். பலாலியிலிருந்து கோடியக்கரை அறுபது கிலோமீற்றர்தான். கிளிநொச்சிக்கும் பலாலிக்கும் உள்ள வீதித் தூரத்திலும் குறைவு.

வன்னியின் எல்லா ஊர்களுக்கும் இந்தக் கணக்கு ஒரே மாதிரி வராது. முல்லைத்தீவுக்காரருக்குத் தயக்கமே தேவையில்லை: புதுக்குடியிருப்பு, பரந்தன் வழியாகப் பலாலிக்கு ஏறத்தாழ 130 கிலோமீற்றர், மாங்குளம், வவுனியா வழியாகக் கட்டுநாயக்கவுக்கு 320க்கும் மேல். மன்னார் நகரத்தவருக்கு 2011இல் சங்குப்பிட்டிப் பாலம் திறந்தது பெரிய மாற்றம். அதற்கு முன் அவர்கள் சுற்றுவழியால்தான் யாழ்ப்பாணம் வரவேண்டும். இப்போது பூநகரி வழியாகப் பலாலி ஏறத்தாழ 130 கிலோமீற்றர். கட்டுநாயக்க ஏறத்தாழ 290. மடு, முருங்கன் பக்கத்தவர்களுக்கு இந்த வித்தியாசம் கொஞ்சம் சுருங்கும், ஆனால் தலைகீழாகாது.

உண்மையான தடுமாற்றம் வவுனியாவில்தான். அங்கிருந்து பலாலிக்கு ஏறத்தாழ 160 கிலோமீற்றர், மூன்றேகால் மணி நேரம். கட்டுநாயக்கவுக்கு ஏறத்தாழ 230 கிலோமீற்றர், நான்கரை முதல் ஐந்து மணி நேரம். தரையில் மிச்சமாவது ஒன்றரை மணி நேரம் மாத்திரம். கட்டுநாயக்கவில் மூன்று மணி நேரத்துக்கு முன் நிற்கச் சொல்வார்கள், பலாலியில் இரண்டு மணி நேரம் போதும் என்பதையும் சேர்த்தால் இரண்டரை மணி நேர இலாபம் வரும். அந்த இரண்டரை மணி நேரத்துக்காக நாளொன்றுக்கு ஒரே விமானம் என்ற கட்டுக்குள் நிற்பதா என்பதை வவுனியாவில் இருப்பவர் யோசிக்கத்தான் வேண்டும். செட்டிகுளத்தில் இருப்பவர் இன்னும் கூடுதலாக யோசிக்க வேண்டும்; மதவாச்சி அவருக்குப் பக்கம்.

அந்தக் கட்டு என்ன என்பதை விளக்கிவிடுகிறேன், ஏனெனில் கட்டுநாயக்கவின் பலம் முழுவதும் அதில்தான் அடங்கியிருக்கிறது. கட்டுநாயக்கவிலிருந்து சென்னைக்கு ஸ்ரீலங்கன், இண்டிகோ முதலிய நிறுவனங்கள் பகலும் இரவுமாக ஒரே நாளில் பல தடவை பறக்கின்றன. ஒரு விமானம் இரத்தானால் அடுத்ததில் இடம் கேட்கலாம். விடியற்காலையில் இறங்கவேண்டுமா, நள்ளிரவில் இறங்கவேண்டுமா என்று தெரிவு செய்யலாம். பலாலியில் விமானம் சென்னையிலிருந்து வந்து, முக்கால் மணி நேரம் நின்று, அதே விமானமே திரும்பிப் போகிறது. சென்னையில் அது தாமதமானால் இங்கும் தாமதம். கார்த்திகை மார்கழி மாரியில் முகில் தாழ்ந்து இறங்கமுடியாமல் அது சென்னைக்கே திரும்ப நேர்ந்தால், பலாலியில் நிற்பவருக்கு மறுநாள் வரைக்கும் வேறு வழியில்லை. ஆகவே மருத்துவச் சந்திப்போ நேர்முகத் தேர்வோ உள்ளவர், பலாலியால் போவதென்றால், அந்தத் திகதிக்கு ஒரு நாள் முந்திப் போய்ச் சேரும்படி பதிவு செய்வது கட்டாயம். இது கூடுதலாக ஓர் இரவு அறை வாடகையைக் குறிக்கும். அந்தச் செலவையும் கணக்கில் சேர்த்துத்தான் ஒப்பிட வேண்டும். ஆனால் கட்டுநாயக்கவால் இரவிரவாகப் போய்க் களைத்து இறங்குபவரும் பெரும்பாலும் அன்றைய நாளைப் படுக்கையில்தான் கழிக்கிறார் என்பதையும் மறக்கக்கூடாது. மாரியில் தரைவழியும் நிச்சயமில்லை: இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்தால் பரந்தன்–முல்லைத்தீவு வீதியில் தண்ணீர் ஏறும், அப்போது முல்லைத்தீவுக்காரர் மாங்குளம் வழியாகச் சுற்றி வர நேரம் வைக்கவேண்டும்.

செலவு பற்றிப் பேசும்போது எங்களவர்கள் செய்யும் பிழை, பயணச்சீட்டின் விலைகளை மாத்திரம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. கட்டுநாயக்கவில் போட்டி இருப்பதால் சில நாட்களில் அங்கே சீட்டு மலிவாகக் கிடைக்கும். பலாலியில் இடங்கள் குறைவு, கடைசி வாரத்தில் விலை ஏறினால் மாற்று வழி கிடையாது. ஆனால் வாடகை வான் பிடிப்பவர் போவதற்கு மட்டுமல்ல, வான் வெறுமையாகத் திரும்பி வருவதற்கும் சேர்த்துத்தான் வாடகை கொடுக்கிறார். கிளிநொச்சியிலிருந்து பலாலிக்கு அது 160 கிலோமீற்றர், கட்டுநாயக்கவுக்கு 620. திரும்பி வரும் நாளில் ஏற்ற வருவதற்கும் அதே தூரம் மறுபடி. நாலு பேராகப் போகும் குடும்பத்துக்கு வாடகை பங்கிடப்படும் என்பதால் வித்தியாசம் குறையும். தனியாளாகவோ இருவராகவோ வாடகை வானில் போவோருக்குப் பலாலியே மலிவு.

தனியாகப் போகும் இளைஞர் வான் பிடிக்கவேண்டும் என்றில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் போகும் இரவு பஸ்கள் நீர்கொழும்பு வீதியால்தான் போகின்றன. விமான நிலையத்துக்குத் திரும்பும் சந்தியில் இறங்கி முச்சக்கரவண்டி பிடித்தால் விடியற்காலை விமானத்துக்கு நேரம் சரியாக இருக்கும். அப்படிப் போகிறவருக்கு, குறிப்பாகக் கொழும்பில் வேறு அலுவலும் உள்ளவருக்கு, கட்டுநாயக்க குறைந்த செலவில் முடியும் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பலாலிக்கு அப்படி நேரடி பஸ் வசதி கிளிநொச்சியிலிருந்து எளிதில் அமைவதில்லை. யாழ்ப்பாணத்தில் இறங்கி மறுபடி ஏறவேண்டும். பொதியின் நிறையும் பார்க்கவேண்டியது. சிறிய விமானம் என்பதால் அனுமதிக்கப்படும் நிறையைச் சீட்டில் வாசித்துவிட்டுத்தான் பெட்டியைக் கட்டவேண்டும். திருமணத்துக்குப் புடவை எடுக்கப் போகிறவர்கள் திரும்பும்போது படும் பாடு பெரும்பாலும் இதனால்தான்.

போகும் இடம் உண்மையில் சென்னைதானா என்பதையும் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். தஞ்சாவூர், கும்பகோணம், வேளாங்கண்ணி, நாகூர் என்று போகிறவர்கள் சென்னையில் இறங்கி மறுபடி முந்நூறு கிலோமீற்றர் தெற்கே வருவது, கிளிநொச்சியிலிருந்து கட்டுநாயக்கவுக்குப் போவதைப் போன்றதே. பலாலியிலிருந்து திருச்சி 184 கிலோமீற்றர்தான். அட்டவணையில் ஒரு மணி நேரம். திருச்சியிலிருந்து தஞ்சாவூர் அறுபது கிலோமீற்றருக்குள். வேலூர் மருத்துவமனைக்குப் போகிறவர்களுக்கு மாத்திரம் சென்னையே சரி. அங்கிருந்து ஏறத்தாழ 140 கிலோமீற்றர், ரயில்களும் நிறைய. மதுரைக்கென்றால் கட்டுநாயக்கவிலிருந்து நேரடி விமானம் உண்டு, ஆனால் திருச்சியில் இறங்கி இரண்டரை மணி நேரம் பஸ்ஸில் போவது எங்கள் பக்கத்தவருக்கு அதைவிட இலகு.

கப்பலையும் சிலர் கேட்கிறார்கள். நாகபட்டினம்–காங்கேசன்துறைச் சேவை 2023 ஒக்டோபரில் தொடங்கிச் சில நாட்களில் நின்று, 2024 ஓகஸ்ட் 16 முதல் 'சிவகங்கை' என்ற கப்பலோடு மீண்டும் நடக்கிறது. ஏறத்தாழ 110 கிலோமீற்றர் கடல், நான்கு மணி நேரம். மாரிக்காலத்தில் நிறுத்திவிடுவார்கள். நாகபட்டினத்தில் இறங்கிச் சென்னைக்கு இன்னும் ஆறேழு மணி நேரம் தரைப் பயணம் இருப்பதால், சென்னைக்கான வழியாக அதை நான் சொல்லமாட்டேன். நாகூருக்கும் வேளாங்கண்ணிக்கும் போகிறவர்களுக்கு, கடல் ஒத்துவருமென்றால், அதைவிடக் கிட்டிய வழி இல்லை.

வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர்கள் சென்னை வழியாகப் பலாலிக்கு வரலாமா என்று கேட்பதும் கூடிவருகிறது. இலண்டனிலிருந்தோ ரொறன்ரோவிலிருந்தோ பலாலி வரைக்கும் ஒரே பயணச்சீட்டாக எடுத்தால் பொதி வழக்கமாகத் தானாகவே மாறும். சென்னை வரைக்கும் ஒரு சீட்டும் பலாலிக்கு வேறொரு சீட்டுமாக எடுத்தால், சென்னையில் குடிவரவைக் கடந்து பொதியை எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டும். அதற்கு இந்திய வீசா வேண்டும். இதை அறியாமல் மலிவான இரண்டு சீட்டுகளை எடுத்துவிட்டு, புறப்படும் விமான நிலையத்திலேயே மறிக்கப்பட்ட ஒருவரை எனக்குத் தெரியும். இலங்கைக் கடவுச்சீட்டோடு இங்கிருந்து போகிறவர்கள் இணையவழி வீசா எடுத்தால், அது குறிப்பிட்ட நுழைவிடங்களில்தான் செல்லுபடியாகும் என்பதை நினைவில் வைக்கவேண்டும். சென்னை, திருச்சி விமான நிலையங்கள் இரண்டும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. கடவுச்சீட்டில் ஒட்டும் வீசா வேண்டுமென்றால் யாழ்ப்பாணத்திலேயே இந்தியத் துணைத்தூதரகம் இருக்கிறது.

இவ்வளவையும் வைத்து என் தீர்ப்பு இது. மாங்குளத்துக்கு வடக்கே இருப்பவர்கள், முல்லைத்தீவு முழுவதும், மன்னார் நகரமும் அதற்கு வடக்கேயுள்ள ஊர்களும் பலாலியையே முதலில் பார்க்கவேண்டும். நோயாளியோ முதியவரோ சிறுபிள்ளையோ கூட வந்தால் விலை சற்றுக் கூடினாலும் பலாலியே. கட்டுநாயக்கவுக்குப் போவதற்கு நியாயமான காரணங்கள் மூன்றுதான்: நாளையே போயாகவேண்டிய அவசரமும் பலாலியில் இடமின்மையும், சென்னையில் விடியற்காலையிலோ இரவிலோ இறங்கியாகவேண்டிய தேவை, கொழும்பில் அலுவல். மாங்குளத்துக்குத் தெற்கே, வவுனியாவுக்குக் கிட்டக் கிட்ட, இந்தத் தராசு மெல்லச் சமநிலைக்கு வரும்.

சமநிலைக்கு வந்த இடத்தில் ஒரு வழியையே இரு தடவையும் எடுக்கவேண்டும் என்று கட்டாயமில்லை. வவுனியாவில் இருக்கும் என் மாமிக்குச் சென்னையில் கண் சத்திரசிகிச்சை. என்னிடம் கேட்டபோது, போவதற்குக் கட்டுநாயக்கவும் வருவதற்குப் பலாலியும் தனித்தனி ஒருவழிச் சீட்டாக எடுக்கச் சொன்னேன். போகும்போது அவர் உடல் நலமாகத்தான் இருக்கிறார். சந்திப்பு நேரம் தவறக்கூடாது, ஆகவே பல விமானங்கள் உள்ள இடத்திலிருந்து போகட்டும். வரும்போது கண்ணில் கட்டோடு, குனியக்கூடாது, குலுங்கக்கூடாது என்ற அறிவுரையோடு வருவார். ஒரு நாள் பிந்தினாலும் பரவாயில்லை, ஆனால் வீதியில் எவ்வளவு குறைவாக இருக்கமுடியுமோ அவ்வளவு நல்லது. பிற்பகல் மூன்று மணியளவில் பலாலியில் இறங்கினால், ஏ9 வீதியால் மெதுவாக வந்தாலும் எட்டு மணிக்குள் வவுனியா. மச்சான் ஏற்கெனவே வான்காரரிடம் சொல்லிவைத்துவிட்டார், அறுபதுக்கு மேல் ஓடவேண்டாம் என்று.